அத்தானுக்கு நான் கொண்டுபோன குழாய்

நோர்வேக்கு வந்து இருபத்தாறு வருடங்களில் "சாப்பிட்டாச்சா?" என்று என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே அது அடுத்தவரின் படுக்கையறைக்குள் எட்டிப்பார்ப்பதற்குச் சமம். விதிவிலக்காக ஒரே ஓர் இடம் இருக்கிறது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், வாய் வழியாகக் கமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கும் பகுதி. அங்கே காலையில் வருகிறவர்களிடம் தாதி முதலில் கேட்பது "ஃபாஸ்தென்தே?" என்றுதான். வெறும் வயிறா என்று அர்த்தம். ஆமென்றால் புன்னகைப்பார். ஒரு துண்டுப் பாண் சாப்பிட்டேன் என்றால் வேறு நாள் தந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சாப்பிடாமல் வந்தவரை மட்டும் வரவேற்கும் இந்த இடத்தில்தான், வந்தவர் எவரானாலும் சாப்பிட வைக்காமல் விடாத ஒரு குடும்பத்தில் பிறந்த எனக்கு வேலை கிடைத்தது.

என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு கதை உலாவுகிறது. மனிதர்களின் வயிற்றுக்குள் போய்வந்த குழாய்களை நான் கழுவுகிறேன். தூரிகை விட்டுத் தேய்த்து, இயந்திரத்தில் போட்டு, காய வைத்து, அலுமாரிக்குள் தொங்கவிடுவேன். எழுவைதீவில் இருக்கும் என் அக்கா திரேசா இதைத் "தம்பி ஆஸ்பத்திரியில கமராப் பகுதி" என்று சுருக்கினாள். ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் அது "வயித்து டொக்டர்" ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. இலவசமாகக் கிடைத்த பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த புலம்பெயர்ந்தவர் எவரையும் எனக்குத் தெரியாது.

அக்காவின் கணவர் மரியதாஸ் அத்தான் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே பயணிகள் படகு ஓட்டியவர். போன வருடம் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்துக் கடிக்கத் தொடங்கியது. தோலில் எதுவும் இல்லை, ஆனால் இரத்தம் வரும்வரை சொறிந்தார். பிறகு கண் மஞ்சளானது. சிறுநீர் பால்விடாத தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. செய்தி குடும்பத்து வாட்ஸ்அப் குழுவை எட்டியதும் உலக மருத்துவ மாநாடு கூடியது. ரொறன்ரோ கீழ்க்காய்நெல்லியைப் பரிந்துரைத்தது. பாரிஸ் மோர் என்றது. லண்டன் இது எரிச்சல்காரர் வைத்த கண் என்று கண்டுபிடித்தது. பிறகு எல்லோரும் ஒரே குரலில் "ஒஸ்லோ டொக்டர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்கள். நான் இருப்பது ஒஸ்லோவிலும் இல்லை.

உண்மையில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. டொக்டராக இல்லாவிட்டாலும், நோவில்லாத மஞ்சள் எதற்கு அறிகுறியாக இருக்கலாம் என்பது அந்தப் பகுதியில் சுவருக்கும் தெரியும். ஸ்கானில் அதுதான் வந்தது. கணையத்தின் தலைப்பக்கத்தில் ஒரு கட்டி, பக்கத்தில் ஓடும் பித்தக் குழாயை நெரித்துவிட்டது. வழியில்லாத பித்தம் இரத்தத்தில் ஏறியது. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அடுத்த சில வாரங்களில் கட்டி குடலின் வாசலையும் அடைத்தது. சாப்பிட்டதெல்லாம் சில மணிநேரத்தில் அப்படியே திரும்பி வந்தது. கொழும்பில் ஒரு டொக்டர் வலைபோல் பின்னிய உலோகக் குழாய்களை உள்ளே வைத்து இரண்டு வழிகளையும் திறந்துவிடலாம் என்றாராம். "இரும்புக் குழாயாம் தம்பி. அது இஞ்ச இருக்கோ தெரியேல்ல" என்றாள் அக்கா.

எங்கள் களஞ்சிய அறையில் அந்தக் குழாய்கள் பெட்டி பெட்டியாக இருக்கும். திகதி முடிந்தவற்றை எறிவதும் என் வேலைதான். அன்று ஒன்றைக் கையில் எடுத்தபோது குப்பைத்தொட்டியின் மூடியை மிதிக்க என் காலுக்கு மனம் வரவில்லை. தாதி இங்கரிடம் போய், இதை நான் கொண்டு போகலாமா, என் அத்தான் ஒரு தீவில் இருக்கிறார் என்று என் நோர்வேஜிய மொழியில் கேட்டேன். அவர் காதில் தீவு என்ற சொல் மட்டும் விழுந்தது. பாலம் இல்லையா, படகு மட்டுமா என்று கேட்டுவிட்டுக் "கூஸெலி" என்று பெருமூச்சு விட்டார். மனதுக்கு இதமான எதற்கும் இங்கே அதுதான் சொல். தனக்கும் ஒரு தீவில் கோடைக்குடில் இருக்கிறதாம். அங்கே போனால் உடம்பும் மனமும் சுகமாகிவிடுமாம். பெட்டியைத் தாராளமாகக் கொண்டுபோகச் சொன்னார், பிள்ளைகளுக்குக் காட்டலாமாம். அந்த நேரத்தில் அத்தான் மஞ்சள் உடம்போடு படகேறி, ஊர்காவற்றுறையில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் கொழும்பு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்.

நான் சொக்லேட்டுகளுக்கு நடுவே அந்தப் பெட்டியை ஒளித்துக்கொண்டு கொழும்பில் இறங்கினேன். ஓர் உயிரைக் கைப்பொதியில் கொண்டுபோகிற நினைப்பு எனக்கு. ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவின் மேசையில் அதை வைத்தேன். அவர் திகதியைப் பார்த்தார். பிறகு எழுந்து பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்தார். அதே கொம்பனி, அதே பெட்டி, அடுக்கடுக்காக. திகதி மட்டும் புதியது. பழையதைப் பாவிக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, நான் எந்தத் துறை டொக்டர் என்று கேட்டார். அக்கா பக்கத்தில் இல்லை. கழுவும் துறை என்றேன். அவர் சிரிக்கவில்லை. கமராக் குழாய்களை நாங்கள் எவ்வளவு நேரம் காய வைக்கிறோம் என்று விசாரித்தார். என் தொழிலைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடங்கள் சொக்லேட்டும் சவர்க்காரமும் காவிப்போய், அவை சந்தியில் உள்ள கடையிலேயே இருப்பதைக் கண்டு நிற்கும் எங்கள் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது அந்த அலுமாரிக்கு முன்னால் உறுதியானது.

மறுநாள் இரண்டு குழாய்களையும் வைத்தார்கள். முதலில் பித்தக் குழாய்க்கு, பிறகு குடலுக்கு. முறை மாறினால் இரண்டாவது குழாய் முதலாவதின் வாசலை மறைத்துவிடும் என்று டொக்டர் விளக்கினார். இது சுகமாக்கும் வைத்தியம் அல்ல, வழி திறக்கும் வைத்தியம், சில மாதங்கள்தான் என்பதையும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் வெற்றிவிழா நடந்துகொண்டிருந்தது. கீழ்க்காய்நெல்லிதான் வேலை செய்தது என்று ரொறன்ரோ உரிமை கோரியது.

நாலாம் நாளில் கடி நின்றது. இன்னும் பத்து நாளில் கண்ணின் மஞ்சள் வெளிறத் தொடங்க, ஊருக்குத் திரும்பினோம். படகில் அக்கா பெண்களோடு உள்ளே இருந்தாள். அத்தான் தன் பழைய இடத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

"உண்மையைச் சொல்லும். இது எவ்வளவு காலத்துக்கு?"

"அத்தான், நான் டொக்டர் இல்ல. அங்க குழாய் கழுவுறனான்."

"அது எனக்கு எப்பவோ தெரியும். கழுவுறவனுக்குத்தானே உள்ளுக்க என்ன கிடந்ததெண்டு தெரியும். அதுதான் உம்மட்டக் கேக்கிறன்."

இத்தனை வருடப் பட்டம் கடலில் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. "குழாய் நிக்கும் அத்தான். வருத்தம் நிக்காது. கொஞ்ச மாசம்தான்" என்றேன்.

அவர் இயந்திரத்தின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தார். எழுவைதீவின் பனைகள் தெரியத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார். "அக்காவுக்கு இப்ப சொல்லாதையும். அவள் சமைக்கட்டும்."

அன்று மத்தியானம் அக்கா முள்ளெடுத்து மசித்த மீனையும் குழைத்த சோற்றையும் பால்சொதி விட்டுக் கொடுத்தாள். அத்தான் ஏழெட்டு வாய் சாப்பிட்டார். பிறகு அக்கா, திரும்பி வந்தால் பிடிக்க ஒரு பேசினை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தாள். நானும் இருந்தேன். ஒரு மணிநேரம் போனது, இரண்டாவதும் போனது. எதுவும் திரும்பி வரவில்லை. மூன்றாவது மணியில் அத்தான் கதிரையிலேயே குறட்டை விட்டார். அக்கா பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோது, சொல்லாமல் விட்டது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நானும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் அவர் சாப்பிட்டார். நாராக உள்ளது எதுவும் கூடாது, குழாயில் சிக்கும் என்பதால் கீரையும் கிழங்கும் இல்லை. அக்கா மசிக்க முடிந்ததையெல்லாம் மசித்தாள். நான் நோர்வேக்குத் திரும்பிய பிறகு அவர் இறங்குதுறைவரை நடந்துபோய், படகின் புது ஓட்டியிடம் இயந்திரச் சத்தத்தில் பிழை பிடித்துவிட்டு வருவாராம். கடைசி இரண்டு வாரம்தான் படுக்கை.

என் விடுமுறை எல்லாம் தீர்ந்திருந்தது. செத்தவீடு எனக்குக் கைபேசியில்தான். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றும் அறையில், அலுமாரிகளுக்கு நடுவே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் சுகமோ என்றுகூடக் கேட்டார். சுவாமியார் செபம் தொடங்கும் நேரத்தில் இன்னும் சனம் வந்தது. கதிரைகள் போதவில்லை. யாரோ ஒருவர் என்னை மெதுவாகத் தூக்கி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து எனக்கு முகட்டின் ஓடுகள் மட்டும்தான் தெரிந்தன. செபத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் வாங்கைவிட்டு எழுந்து நின்றேன். உடுப்பு மாற்ற வந்த இங்கர், வேலைக்குத்தான் கிளம்புகிறேன் என்று நினைத்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.