சந்தனம் மூடிய விரிசல்

கிட்டார் அக்காவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவள் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. ஆசையில்தான் தொட்டேன். ஆனாலும் தொட்டது நான்தான்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு என் மடிக்கணினி, அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அக்காவின் கிட்டார் மூன்றும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க இருக்கும். அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். கிட்டாரின் வழுவழுப்பான முகப்பலகையில் சந்தனம் நிற்காது, வழிந்துவிடும். அதனால் கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரக்கட்டை இருக்கிறதே, பிரிட்ஜ், அதன் பின்விளிம்பில், கட்டையும் பலகையும் சேரும் இடுக்கில் விரலால் அழுத்தி ஒரு பட்டை இழுப்பார். அதைத் துடைக்கக்கூடாது, தானாக உதிர வேண்டும். இடுக்கில் அப்பியது எங்கே உதிரும்? நான்கு வருடச் சந்தனம் அங்கே இறுகிப்போய் இருந்தது.

போன வருடம் விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. அந்தச் சனிக்கிழமை அக்காவின் தோழிக்குக் கல்யாண டின்னர், தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மட்டுமே பாடுகிற அக்கா, முதல் தடவையாக ஊர் முன்னால் இரண்டு பாட்டு வாசித்துப் பாட ஒப்புக்கொண்டிருந்தாள்.

"விரலு வலிக்குதுடா. கம்பி ரொம்ப மேல இருக்கு. முன்ன இப்படி இல்ல," என்று விஜயதசமி அன்று காலை சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

முன்பு இப்படி இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் நான் நின்றிருக்க வேண்டும். எனக்கு நிற்கவே தெரியாது. ஆறு காணொளிகளை இரட்டை வேகத்தில் பார்த்து முடித்தேன். எதையும் தொடுவதற்கு முன் பிரிட்ஜைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா பார் என்று ஆறிலுமே சொன்னார்கள். பார்த்தேன். சந்தனம் இருந்தது. சுரண்டினால் அம்மா திட்டுவார். அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பிரிட்ஜின் மேல் செருகியிருக்கும் வெள்ளை எலும்புத் துண்டின் மீதுதான் கம்பிகள் ஏறி நிற்கும். அதை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தேன். கிட்டார் கழுத்தின் நடுவில் கம்பி ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் இங்கே இரண்டு தேய்க்க வேண்டும். கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. மெல்லிய கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, சத்தம் நிறைந்து வரட்டும் என்று தடித்தவற்றை மாட்டினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதல் தட்டலிலேயே அறை முழுக்க அதிர்ந்தது.

வேலை முடிந்து வந்த அக்கா வாசித்துப் பார்த்தாள்.

"டேய், இது என் கிட்டார்தானா?"

"கடையில மாத்திட்டேன்."

"போடா! சத்தம் எப்படி அள்ளுது பாரு. இவ்ளோ நாளா எங்கடா இருந்த?"

அவள் பாடிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். மஞ்சள் பட்டையின் நடுவில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. சந்தனம் காய்ந்தால் வெடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில் எது காயும் என்று யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அவள் வேலைக்குப் போனபின், கோடு அகன்றிருந்தது. ஒரு துண்டுத் தாளை வைத்துத் தள்ளினேன். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. புக்கிட் மெர்தாஜாமில் கிட்டார் பழுது பார்க்கும் ஓர் அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"பேப்பர் எவ்ளோ தூரம் போவுது தம்பி?"

"அரை விரல் அளவுண்ணே."

"என்ன கம்பி போட்டிருக்க?"

சொன்னேன்.

"பசை விட்டுப் பிரிட்ஜ் தூக்கிருச்சு, அதான் கம்பி மேல போச்சு. நீ எலும்பத் தேச்சிட்டு, இழுக்கிற கம்பியையும் பெருசு பண்ணியிருக்க லா! இப்பவே லூஸ் பண்ணு."

"நாளைக்கு வாசிக்கணும்ணே."

"நாளைக்கா? ஒட்டி இறுக்கி வச்சா நாலு நாளு தொடக்கூடாது. ஒட்டினாலும் நீ தேச்ச எலும்பு பத்தாது. கம்பி போய்க் கழுத்துல படுத்துக்கும்."

வேறு கிட்டார் யாரிடமாவது கேட்டு வாங்கலாம். அதற்கும் முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். கம்பியைத் தளர்த்த முறுக்காணியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். நான்கு வருடம் தாங்கியது இன்னும் ஒரு நாள் தாங்காதா? அன்று மாலை அவள் பயிற்சி முடித்து எழுந்ததும் மெத்தை விரிப்பில் மஞ்சள் துகள்கள் கிடந்தன. அவள் பார்ப்பதற்குள் தட்டிவிட்டேன்.

சனிக்கிழமை, மேடைக்குப் பக்கத்து அறை. ஏசி உறைய வைத்தது. அம்மா மல்லிகைப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா கரும்பச்சைப் பட்டில் உட்கார்ந்து சுருதி சேர்த்தாள். கம்பி ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே போயிற்று. டிக் என்றது.

"என்ன சத்தம்?" என்றாள்.

"ஏசியா இருக்கும்," என்றார் அம்மா.

மறுபடி டிக். அவள் மடியில், பச்சைப் பட்டின் மேல், மஞ்சள் பொடி கொட்டியது. "அம்மாவோட சந்தனம், எங்க போனாலும் கூடவே வருது," என்று சிரித்தபடி தட்டிவிட்டு, அடுத்த முறுக்காணியைப் பிடித்தாள். அவள் முகம் பிரிட்ஜுக்கு நேர் மேலே குனிந்திருந்தது.

"திருகாதக்கா. அது பிஞ்சுக்கிட்டு வருது."

கை நின்றது. கிட்டாரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டை மொத்தமும் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் என் நகம் நுழையும் அளவுக்கு இருட்டு.

"எப்ப தெரியும்?"

"நேத்து காலையில."

"நேத்து சாயங்காலம் நான் வாசிச்சப்ப?"

அவள் திட்டவில்லை. ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள், பெட்டியில் வைத்தாள், மூடினாள். வெளியே ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"தொண்ட கட்டிக்கிச்சுன்னு போய்ச் சொல்லு," என்றாள். "அதையாவது ஒழுங்கா செய்."

போய்ச் சொன்னேன். யாரோ பாவம் என்றார்கள். பிரியாணி வந்தது.

அந்தப் பெட்டி இப்போதும் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோகிறேன் என்று மூன்று முறை கேட்டேன். "இருக்கட்டும்" என்பாள். அதைத் தவிர மற்ற எல்லாம் பேசுகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது மட்டும் நின்றுபோயிற்று. அந்த அறையைக் கடக்கும்போது என் காது தானாகத் தேடுகிறது.

நேற்று அம்மா லிட்டில் இந்தியாவிலிருந்து பூஜைச் சாமான்களோடு வந்தார். புதுச் சந்தன டப்பாவை மேசையில் வைத்தபடி அக்காவிடம், "கிட்டார எடுத்து வையிம்மா, பூஜைக்கு," என்றார்.

அக்கா கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பியக் கேளுங்கம்மா. அதுக்கு எல்லாம் செஞ்சது அவன்தானே."