கல்லிடைக்குறிச்சியில் நனையாத கடற்பாசித் தாள்கள்

1997 ஐப்பசியில் நான் கல்லிடைக்குறிச்சிக்குப் போனது என் தோழி பாத்திமாவுக்குத் துணையாக. காயல்பட்டினத்துக்காரி. கடற்பாசியைக் காய்ச்சி, பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக மெல்லிய தாள் செய்திருந்தாள். அது வெட்டவெளியில் எத்தனை நாளில் மக்குகிறது என்று காட்டினால்தான் முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே மாதம் இருந்தது. நாற்பது நாளுக்கு முன்பு, அப்பளம் போடும் கோமதியக்காவின் கொல்லையில் பன்னிரண்டு தாள்களை மண்மேல் விரித்து, “பத்திரமா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலை 7.10க்கு, கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகும் அம்பாசமுத்திரம் பஸ். டிக்கெட் ஏழு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சேரன்மகாதேவி தாண்டினால் வயலும் வாழையும் மலையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

“அங்கன ஒரு வாரமா மழை விடலம்மா. குடை கொண்டாந்தீயளா?” என்றார் கண்டக்டர்.

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பாத்திமாதான். தாளை மக்க வைப்பதே ஈரம்தானே.

கோமதியக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு சுளகை எடுத்து வந்தார். வேட்டித் துணியில் சுற்றிய தாள்கள், மொறுமொறுவென்று.

“மேகம் கறுத்தா போதும், அள்ளி உள்ள வச்சிருவேன். ஒரு சொட்டு நனையல, பாத்துக்கிடுங்க.”

ஈரமே படாவிட்டால் எப்படி மக்கும்? ஆய்வு மொத்தமும் வீண். ஆனால் அப்பளம் போடும் வீட்டில், காயப்போட்டதை மழையில் விடுகிற கை உண்டா? நாற்பது நாளும் அந்த மனுஷி ஓடி ஓடிக் காப்பாற்றியிருக்கிறார்.

“ஒண்ணு மட்டும் காத்துல பறந்து, வாழைத்தூர்ல கெடந்து அழுகிப் போச்சும்மா. சொல்லவே கூச்சமா இருக்கு” என்று தலையைக் குனிந்தார்.

பாத்திமா கொல்லைக்கு ஓடினாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, ஓட்டை ஓட்டையாக. தொட்டதும் கூழாகி மண்ணோடு போனது. “அக்கா, எனக்கு வேண்டியது இதுதான்” என்றாள், கண் கலங்க. நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

ஒரு தாளை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. அடுத்த வாரமே புதுத் தாள்களோடு போனோம். விரித்து முடிக்கவும் மழை பிடித்தது. கோமதியக்கா வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நனையுதே, தாயி.”

“நனையட்டும்க்கா.”

போகிறவர்கள் ஐப்பசியில் குடையோடு போங்கள். ஆறும் மலையும் அப்போதுதான் அழகு. பாத்திமாவின் பட்டம் கெடு தவறி ஒரு வருஷம் தள்ளிப்போனது கோமதியக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் அப்பளம் வாங்கினால், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.