கம்பெனிச் சோறு

மாலையில் அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்ததும் அவள் பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். காலையில் எங்கள் அடுப்பில் கொதித்த காரக்குழம்பின் வாசனை அதில் இருக்காது. யார் வீட்டுத் தால்ச்சாவோ, யார் வீட்டுக் கருவாடோ, அவற்றோடு அவள் விரல்களில் ஒட்டியிருந்த ஷூ பசையின் நெடியும் கலந்து ஒரு வாசனை வரும். வெகுகாலம் அதைத்தான் "கம்பெனி வாசனை" என்று நினைத்திருந்தேன்.

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ஷூ தைக்கும் இடம் கம்பெனி. அசல் சரக்கு "கம்பெனி சாமான்", கம்மி விலைக்குக் கிடைப்பது "லோக்கல்". டீக்கடைக்குத் தனியாகப் போக மனமில்லாதவன் "வாடா, கம்பெனி குடு" என்று தோஸ்தை இழுத்துக்கொண்டு போவான். பாடப்புத்தகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது, வேலூர்க் கோட்டையிலும் காலையில் சங்கு ஊதியிருப்பார்கள், வெள்ளைக்காரர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போயிருப்பார்கள் என்று உறுதியாக நம்பினேன். வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் எவருமில்லாததால் அதைத் திருத்தவும் ஆளில்லை.

அம்மா ஷூவின் மேல்தோல் தைக்கும் வரிசையில் இருந்தாள். மதியம் அந்த வரிசைப் பெண்கள் ஷெட்டின் பின்பக்கம் வட்டமாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியில் அவரவர் குழம்பையும் பொரியலையும் வைத்துச் சுற்றுக்கு விடுவார்களாம். தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே தின்று முடித்தவள் அங்கே யாருமில்லை. பக்கத்து மிஷினில் தைத்த நூர்ஜஹான் அக்காதான் அந்த வட்டத்தை நடத்துவார். அம்மாவைப் போலவே நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அம்மாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என்னை மேலே படிக்கவைக்க அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. ஆனால் சூப்பர்வைசர்கள் சாப்பிடத் தனி அறை, மேசை நாற்காலி. அம்மா கொஞ்ச நாள் பழையபடி வட்டத்திலேயே போய் உட்கார்ந்தாள். மேனேஜர் கூப்பிட்டு, "கூட உக்காந்து சாப்ட்டுட்டு, அவங்ககிட்ட எப்டிம்மா வேலை வாங்குவ?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம். மறுநாள் அம்மா அந்த அறைக்குப் போனாள். வழியில் எதிர்ப்பட்ட நூர்ஜஹான் அக்கா, "இன்னாடி ஆபீசரம்மா, எங்க மூடியில கை வெச்சா கௌரவம் கம்மியாய்டுமா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சில நாள் யார் கையிலாவது ஒரு மூடி அந்த அறைக்கு வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அதற்குப்பின் டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்கள் வீட்டுக் காரக்குழம்புதான் மணந்தது.

கல்லூரி நூலகத்தின் தடித்த அகராதியில் ஒருநாள் 'கம்பெனி' என்ற சொல்லைத் தேடினேன். லத்தீனில் 'கூட' என்பதும் 'ரொட்டி' என்பதும் சேர்ந்து பிறந்ததாம். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து தின்கிற கூட்டம். அதிலிருந்துதான் துணை, படைப்பிரிவு, வியாபாரக் கூட்டு என்றெல்லாம் கிளைத்து எங்கள் ஊர் ஷெட் வரைக்கும் வந்திருக்கிறது. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "அப்போ சூப்பர்வைசர் ஆன அன்னிக்கே நான் கம்பெனிலேர்ந்து நின்னுட்டேன்னு சொல்லு" என்றாள்.

இப்போது அந்த ஷெட் இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நூர்ஜஹான் அக்கா மகள் வீட்டோடு வாணியம்பாடிக்குப் போய்விட்டார். அம்மா முதுகுவலியோடு வீட்டில் இருக்கிறாள். நான் சென்னையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மதியம் ஆளுக்கொரு பொட்டலம் வரும். அவரவர் செல்போனைப் பார்த்தபடியே தின்று முடிப்போம். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதில்லை.

"யார்கூட சாப்ட்ட?" என்பாள்.

இங்கே வெயில் ஜாஸ்தி என்று நான் பேச்சை மாற்றுவேன்.