வெட்டு, இல்லன்னா ஏத்து

டெல்மர் ஸ்டக்கி தொட்ட எஞ்சின் நடுவழியில் நிற்காது என்பது எங்கள் மாவட்டம் முழுதும் அறிந்த செய்தி. வட இண்டியானாவின் சோள வயல்களுக்கிடையே அமைந்த எங்கள் ஊரின் பதினொரு பள்ளிப் பேருந்துகளையும் முப்பத்தோராண்டாகப் பேணிவருபவர் அவர். மூச்சும் உறையும் சனவரி விடியலில்கூட அவை முதல் திருகலிலேயே உயிர்பெறும். ஞாயிறுதோறும் லூத்தரன் கோயிலின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுவார். பேச்சு குறைவு, வேண்டுதல் அதனினும் குறைவு. "வண்டி நிக்கக் கூடாது, ஆமென். இவ்வளவுதான் இவரோட செபம்" என்று அவர் மனைவி நடீன் ஊராரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகஸ்டு மாதச் சந்தைவிழாவின் கடைசிச் சனிக்கிழமை மாலையில் கார்களை மோதவிடும் போட்டி நடைபெறும். நீர் பாய்ச்சிச் சேறாக்கிய களத்தில் பன்னிரண்டு கார்கள் இறங்கும். ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். இறுதிவரை அசைவது எதுவோ அதற்கே வெற்றி. டெல்மரின் ஒரே மகள் ஜோலீன் இருபது வயது முதல் அதில் ஓட்டுகிறவள். ஈராண்டுக்கு முன் இடப்பக்கம் வாங்கிய ஓர் இடியில் அவள் கழுத்தெலும்பில் விரிசல் கண்டது. நான்கு மாதம் பட்டை கட்டிக் கிடந்தாள். இன்னோர் இடி அங்கேயே விழுந்தால் கையும் காலும் போய்விடலாம் என்றார் மருத்துவர். சென்ற ஆண்டு பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தாள். இந்த மே மாதம், ஏலத்தில் வாங்கிய பழைய காவல்துறைக் கார் ஒன்றை இழுத்துவந்து தந்தையின் கொட்டகை முன் நிறுத்தினாள்.

"இதக் கட்டித் தருவியாப்பா?"

"தரலன்னா?"

"டஸ்டின்கிட்ட குடுப்பேன்."

"அவனா? அவன் கட்டுன வண்டி களத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே தீப்பிடிச்சுதே."

"அதான் மொதல்ல உங்கிட்ட வந்தேன்."

டெல்மர் நெடுநேரம் காரைச் சுற்றிவந்தார். மறுத்தால் அவள் போகாமலிருப்பாளா என்று நடீனிடம் கேட்டார். "பொறந்ததிலேர்ந்து நீங்க மறுத்து அவ எதுல நின்னிருக்கா?" என்றாள் நடீன்.

அன்றிலிருந்து அவருடைய மாலைப்பொழுதெல்லாம் அந்தக் காருக்கே ஆயின. சன்னல் கண்ணாடிகளைக் கழற்றி, சில்லு ஒன்றுகூட இல்லாதபடி தூசியுறிஞ்சியால் எடுத்தார். பின்னாலிருந்த பெட்ரோல் தொட்டியைக் கழற்றிவிட்டு, சிறு கலம் ஒன்றைப் பின்னிருக்கை இருந்த இடத்தில் இறுகப் பிணித்தார். பேட்டரியை ஓட்டுநருக்குப் பக்கத்தில் தரையில் பொருத்தினார். தீப்பிடித்தால் தண்ணீர் பாய்ச்ச முன்மூடியில் துளையிட்டார். கதவுகளைச் சங்கிலியால் பூட்டினார். ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று ஏந்திக்கொள்ளும்படி மின்கம்பிகளை இரட்டையாக ஓட்டினார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப்போகும் வண்டிக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம்.

அதற்குமேல் இன்னொன்றும் செய்தார். ஓட்டுநர் கதவுக்குள் நெடுக ஓர் இரும்புக்குழாய் வைக்க விதி இடந்தரும். அக்குழாயை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்க விதி இடந்தராது. பிணைத்தால் கார் முழுதும் பாறைபோல் இறுகி மற்றவரை நசுக்கும். டெல்மர் இருக்கைக்கடியில் இரண்டு குட்டைத் தூண்களை நிறுத்தி, மகளின் இடப்பக்கத்தை அடிச்சட்டத்தோடு பிணைத்தார். பிறகு அவற்றின்மேல் கறுப்புச் சாயம் பூசினார். அவர் வாழ்வில் மறைத்துச் செய்த ஒரே செயல் அதுவாகத்தான் இருக்கும்.

போட்டியன்று பிற்பகல், சோதகர் வெர்ன் ஹாக்மன் சிறு சுத்தியலோடு காருக்கடியில் புகுந்தார். டெல்மருடன் பள்ளியில் ஒன்றாய்ப் படித்தவர். தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"டெல், உன் வெல்டிங் மேல எப்பவாவது சாயம் அடிச்சிருக்கியா?"

டெல்மர் கந்தைத்துணியில் விரல்களைத் துடைத்தார்.

"ஊருல எல்லாரும் பாக்கட்டும்னு பளபளன்னு விட்டு வெப்பியே. நாப்பது வருஷமா உன் வெல்டிங் தையல பாக்குறேன்டா. சாயத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது." வெர்ன் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "இவ கழுத்து எனக்கும் தெரியும். ஆனா உனக்கு விட்டா நாளைக்கு எல்லாவனும் கேப்பான். வெட்டு, இல்லன்னா ஏத்து."

வெட்டுவதென்றால் அந்தத் தூண்களை அறுப்பது. ஏற்றுவதென்றால் காரை இழுவண்டியில் ஏற்றி வீடு திரும்புவது. இந்த மூன்று சொல்லுக்குமேல் சோதகரிடம் வழக்கில்லை.

"ஏத்திடறேன்" என்றார் டெல்மர். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

"வண்டி யார் பேருல பதிஞ்சிருக்கு, வெர்ன்?" என்றாள் ஜோலீன்.

"உன் பேருலதான் கண்ணு."

"அப்ப ஓட்டறவ சொல்றேன். வெட்டு."

அறுப்புக்கருவியை அவளே எடுத்தாள். கழுத்து வளையாமையால் உள்ளே தலை நுழையவில்லை. கையை மட்டும் நீட்டித் துழாவினாள். தூணுக்கு ஒரு விரல் தொலைவில் பெட்ரோல் குழாய் ஓடியது.

"குடு இப்படி" என்றார் டெல்மர். மல்லாந்து படுத்து, தாம் நிறுத்திய இரண்டு தூண்களையும் தாமே அறுத்தார். குழாயில் ஒரு கீறல் விழவில்லை.

"சுத்தமா இருக்கு" என்று வெர்ன் கையெழுத்திட்டார்.

களத்தைச் சுற்றி வைத்த கான்கிரீட் கட்டைகளுக்கு இப்பால் டெல்மர் நின்றார். நடீன் அங்கே வரவில்லை, கோயில்காரர்களின் பேரிப்பழப் பணியாரக் கடையில் களத்துக்கு முதுகு காட்டி நின்றாள். ஒவ்வொரு ஓட்டுநர் கதவிலும் ஒரு மரக்குச்சி நட்டிருந்தது. அதை ஒடித்துவிட்டால் சரணடைந்ததாகப் பொருள். பிறகு யாரும் இடிக்கலாகாது. ஒடிக்காதவரை, அல்லது வண்டி தானே சாகாதவரை, இடி ஓயாது.

ஒவ்வொன்றாகக் கார்கள் செத்தன. ஒன்று ஆவி கக்கி நின்றது. ஒன்றின் பேட்டரி கவிழ்ந்தது. ஒன்றின் சக்கரம் தனியே உருண்டது. அவற்றின் ஓட்டுநர்கள் குச்சியை ஒடித்துவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டனர். டெல்மர் கட்டியது மட்டும் சற்றும் திணறவில்லை. பின்புறம் மடிந்து மேலெழுந்தபோதும் எஞ்சின் அதே சுருதியில் பாடியது. கட்டையைப் பற்றிக்கொண்டு, அந்த எஞ்சின் நின்றுபோகவேண்டும் என்று அவர் ஆண்டவனை வேண்டினார். கம்பி அறுந்தது, மற்றொரு கம்பி ஏந்திக்கொண்டது.

ஈற்றில் இரண்டே கார்கள். பச்சைநிற நீளக்கார் ஒன்று சேற்றில் சறுக்கி, யாரும் இடிக்கக் கூடாதென்று விதி விலக்கிய இடத்திலேயே, ஜோலீனின் ஓட்டுநர் கதவில் மோதியது. அவள் கார் அரைவட்டம் சுழன்று நின்றது. எஞ்சின் ஓடியது, அவள் அசையவில்லை.

"குச்சிய ஒடி, ஜோ. ஒடிச்சிடும்மா."

எஞ்சின் ஓசையில் அது அவருக்கே கேட்கவில்லை. கட்டைமேல் காலெடுத்து வைத்தவரைத் தீயணைப்பு வீரர் ஒருவர் தோளைப் பற்றி இறக்கினார். "வண்டி ஓடிக்கிட்டிருக்கு அண்ணே. ஓடுறப்ப யாரும் உள்ள போகக் கூடாது." எஞ்சின் நின்றிருந்தால் போட்டியை நிறுத்தும் கொடி விழுந்திருக்கும், ஆட்கள் ஓடியிருப்பார்கள். நிற்கவில்லை. அசையாத காருக்கு விதி தரும் ஒரு நிமிடத்தை நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாற்பது வரை எண்ணியபின் அவள் தலை நிமிர்ந்தது. கார் பின்னோக்கி நகர்ந்து, அச்சு முறிந்து கிடந்த பச்சைக்காரை ஒருமுறை தொட்டது. கூட்டம் எழுந்து ஆர்த்தது. டெல்மர் மண்ணில் அமர்ந்துவிட்டார்.

சன்னல் வழியே வெளிவந்து பரிசு வாங்கிய ஜோலீன் வெற்றிக்கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடக்கையை உதறினாள்.

"ரெண்டு விரல் மரத்திருக்கு. போயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"போலாம், போலாம். இதக் கேளு. வண்டி இன்னும் சாகலப்பா. செப்டம்பர்ல பக்கத்து மாவட்டத்துல ஒண்ணு இருக்கு. ரேடியேட்டர் மட்டும்தான் போச்சு. வேற இருக்கா உங்கிட்ட?"

கொட்டகைச் சுவரில் இரண்டு தொங்கின. இரண்டையும் அவர் நீரூற்றிச் சோதித்து வைத்திருந்தார். இல்லை என்று சொல்லிவிட வாயெடுத்தார். மகள் மரத்த விரல்களைப் பிசைந்தபடி காத்திருந்தாள்.

"இருக்கு" என்றார்.