தாளில் அடங்காத அழுங்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து அவ்வளவாக வரவில்லை, படம் வந்தது. பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் வரையாத காட்டு மிருகம் இல்லை என்று இன்றைக்கும் தலை நிமிர்ந்தே சொல்வேன். புத்தகத்தைப் பார்த்து வரைகிற பழக்கம் கிடையாது. காட்டுப்பன்றியோ உடும்போ, கண்ணால் கண்டால்தான் கரித்துண்டு என் கையில் நகரும். மளிகைக் கடை நாட்காட்டியைக் கிழித்துப் பின்பக்கத்தில் வரைவேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். இளைப்பு நோய் உண்டு; மழை வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஒரு விடியற்காலை, அம்மாவுக்கு உதவியாகப் ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைக்கப் போனபோது, ரப்பர் மரம் ஒன்றின் வேர்ப்பொந்துக்குள், எறும்புதின்னி என்பார்களே, அந்த அழுங்கு நுழைவதைக் கண்டேன். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். வாலில் ஒரு குட்டி தொற்றிக்கொண்டு சவாரி போயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சட்டிக்குப் போய்விடும் என்று தெரியாதா எனக்கு?

சொல்லவில்லையே தவிர, வரைந்தேன். ஒவ்வொரு செதிலாக, இரண்டு நாள். மரத்தையும் விடவில்லை. கத்தி ஆழமாக இறங்கி முண்டு கட்டிய பட்டை, கோணல் வெட்டு, மங்கு தொங்கும் கம்பி, எல்லாம் இருந்தன. தாள்தான் போதவில்லை. வால் பாதியில் முடிந்தது, குட்டிக்கு இடமில்லை. சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினேன்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“உசுரோட நிக்கிதுலா, மருமகளே!”

பெருமையில் என் தலை கூரையில் முட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு சட்டியோடு வந்தார். உள்ளே மிளகு மணக்கும் சாறு. அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே மடக்கா குடி. இந்த எளைப்பு இதோட ஓடிரணும்.”

“என்ன கறிம்மா?”

“காட்டுக்கோழி,” என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

குடித்தேன். ருசியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவப் பின்பக்கம் போனால், குழாயடியில் சாக்கு விரித்து அதன்மேல் செதில்களைக் காயப் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக வரைந்த அதே செதில்கள்.

கிண்ணம் கை நழுவியது. கத்த வாயைத் திறந்தேன். மிளகு வாசம்தான் வந்தது.

“யாரு மாமா காட்டிக் குடுத்தா?”

மாமா சிரித்தார். “நீதான். படத்துல இருக்கிறது நான் தெனம் பால் வெட்டுற என் நெரை மரம்லா. அந்த முண்டு, நான் வெட்டுப் பழகறப்ப போட்ட காயம். என் கை வெட்டு எனக்குத் தெரியாதா?”

“அப்ப குட்டி எங்க?”

“என்னா குட்டி?”

“வால்ல இருந்துச்சே!”

அவர் சிரிப்பு நின்றது. “படத்துல இல்லியே, புள்ள,” என்றார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மூவரும் ஓடினோம். பொந்து வெறுமையாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் மாமாவோடு பேசவில்லை. அவரோ தினமும் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டைத் தாண்டி அந்த மரத்துக்குப் போனார். கையில் பால் வாளி. அதற்குள் கறையான் மொய்க்கும் புற்று மண். தாயைக் கொன்றது போதாதென்று, இரை வைத்துக் குட்டியையும் பிடிக்கப் போகிறார் என்று எனக்குக் கொதித்தது. நான்காம் நாள் வழிமறித்து, வாளியைத் தட்டிவிட்டு, அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. அம்மா விறகுக் கட்டையோடு பாய்ந்து வந்தாள்.

“விடுக்கா,” என்றார் மாமா. பிறகு மண்ணில் உட்கார்ந்து, சிதறி ஓடிய கறையான்களை ரத்தம் வடிந்த அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்தார்.

ஒரு பொறி வைக்க இத்தனை கறையானா என்று நான் முறைத்துக்கொண்டே நின்றேன்.