வெர்னா ஏறிப் போன நீல லாரி

எங்கள் கோதுமை ஊரான நாரடினில் ஒரு விவசாயி செத்தால் கடைசிப் பயணம் அவனுடைய சொந்த லாரியில்தான். பெட்டியைப் பின்தட்டில் ஏற்றி, இரண்டு கட்டு கோதுமைத் தாளைச் சாத்திக் கட்டி, ஊர் லாரிகள் வரிசையாகப் பின்னால் வர, கல்லறைத் தோட்டம் வரை போவார்கள். வண்டி தன் என்ஜினில் தானே ஓட வேண்டும். கயிறு கட்டி இழுத்துப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அதைவிடத் தலைக்குனிவு கிடையாது. செத்தது பெண் என்றால் மட்டும் நகரத்திலிருந்து வாடகைக்கு வரும் கறுப்புக் காரில் பெட்டி போகும். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை, வெர்னா ஸீபெல் கேட்கும் வரை.

"பதினெட்டு அறுவடைக்கு லாரி ஓட்டியிருக்கேன். செத்தப்புறம் எதுக்கு எவனோ ஒருத்தன் கார்ல போகணும்? நானும் லாரிலதான் போவேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அது மார்ச் மாதம். ஈரலில் வந்த கட்டி பரவிவிட்டது, செப்டம்பரில் வரும் வசந்தத்தைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று பெர்த்தில் டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

புருஷன் கார்னெட்டுக்கு எழுபது வயது. பிறந்ததும் வளர்ந்ததும் அதே பண்ணை. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, "உனக்கு லாரி ஓட்டத் தெரியுமா?" என்றுதான் கேட்டான். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண் அவள். "தெரியாது. கத்துக்கிட்டா போச்சு" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் காதல் கதை. மோசமான ஆளில்லை கார்னெட், ஆனால் கையில் ஸ்பானர் இல்லாமல் அவனுக்குத் துக்கப்படத் தெரியாது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது தண்ணீர் பம்பைப் பிரித்துப் போட்டான். வெர்னாவுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே போய், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் கிழக்கு வேலியைப் புதிதாகக் கட்டினான். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ட்ரெவிடம் குத்தகைக்கு விட்டபோது நல்ல லாரியும் அவனிடமே போய்விட்டது. மிச்சம் இருந்தவை ஷெட்டுக்குப் பின்னால் யூக்கலிப்டஸ் மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டும்தான். சிவப்பு பெட்ஃபோர்டு அவன் அப்பாவுடையது. அதன் என்ஜின் கையால் சுற்றினாலே சுற்றியது. டயர், பிரேக், ஒயரிங் என்று ஒரு மாத வேலை. நீல ஆஸ்டின்தான் வெர்னா ஓட்டியது. அதன் என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கி இறுகிப் போயிருந்தது. தரைத் தகடு அரித்துக் கீழே புல் தெரிந்தது. கண்ணாடி இல்லை. சீட்டுக்குள் எலிகள் மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன.

அவற்றின் முன்னால் நாற்காலி போட்டு வெர்னாவை அழைத்துவந்து உட்கார வைத்தான். ஈயை ஓட்டிக்கொண்டே அவள் இரண்டையும் பார்த்தாள்.

"சிவப்பையே எடு கார்னெட். ஒரு மாசத்துல முடிச்சிட்டு உள்ள வந்து உக்காரு. சீட்டு விளையாடலாம். இப்பவாவது நீ ஜெயிக்கிறியான்னு பாப்போம்."

"அது எங்கப்பா வண்டி. அந்த மனுஷன் உன்னை அதுல ஏறவே விட்டதில்ல."

"இப்ப எப்படித் தடுப்பாராம்?"

"உன் வண்டி நீலம்தான்."

"தகரத்துல என்னடா உன்னோடது என்னோடது? எனக்கு வண்டி முக்கியமில்ல. என்கிட்ட நாள் இல்ல. அது புரியுதா உனக்கு?"

"புரியுது" என்றான். ஒரு மண்ணும் புரியவில்லை அவனுக்கு. நாற்பத்து நான்கு வருஷத்தில் அவளுக்கென்று உருப்படியாக ஒன்றும் செய்ததில்லையே, இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் அவன் மனசு அடித்துக்கொண்டது. சுலபமானதை எடுத்தால் அது அவளுக்குச் செய்ததாகுமா என்று நினைத்தான்.

மறுநாள் காலையில் டிராக்டரில் சங்கிலி மாட்டி, நீலத்தை ஷெட்டுக்குள் இழுத்துப் போனான். சமையலறை ஜன்னலில் வெர்னா நின்றிருந்தாள். மதியம் சாப்பிட வந்தவனிடம், "பிடிவாதம் பிடிச்ச கழுதை" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

இரண்டு நாளில் அவள் தங்கை டல்சி ஆல்பனியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். உதவிக்கு ஆள் வந்தது நல்லதாகப் போயிற்று என்று கார்னெட் இன்னும் சீக்கிரமாக ஷெட்டுக்குப் போகத் தொடங்கினான். சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊறவிட்டு, தினமும் கம்பியால் நெம்பிப் பார்த்தான். பதினேழாம் நாள் அது ஒரு விரல்கடை அசைந்தது. பழைய தண்ணீர்த் தொட்டியின் தகட்டை வெட்டித் தரை பற்றவைத்தான். கண்ணாடிக்காக முந்நூறு கிலோமீட்டர் போய் வந்தான்.

எங்கள் ஊர் வழக்கமும் அவனுக்குத் தோதாக அமைந்துவிட்டது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு வரும் பெண்கள் இறைச்சிக் குழம்புப் பாத்திரத்தோடு வாசல் வழியாக உள்ளே போவார்கள். ஆண்கள் நேராக ஷெட்டுக்குப் போய், பியர் குப்பியோடு வண்டியைச் சுற்றி நிற்பார்கள். ஆறுதல் சொல்வது அப்படித்தான். வெர்னா எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கார்புரேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்கத் தெரியாத ஜென்மங்கள், வேறு என்ன சொல்வது!

ஜூனில் ஒரு சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது, போர்வை மேல் இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டு வைத்தபடியே வெர்னா தூங்கிப் போயிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. சத்தமில்லாமல் சீட்டுகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். நாளைக்கு விளையாடலாம் என்று நினைத்தான். மறுநாள் பிரேக் டிரம் வந்து சேர்ந்தது.

ஆகஸ்டில் ட்ரெவ் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டான். "டேய், சிவப்பை எடுத்திருந்தா ஏப்ரல்லயே முடிஞ்சிருக்குமேடா."

"அவ வண்டி இதுதான்."

"சரிப்பா, சரி. அந்த ஸ்க்ரூவை இங்க கொடு."

செப்டம்பர் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இருபது வருஷமாக மூச்சுவிடாத என்ஜின் இரண்டு தரம் தும்மி, புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. ட்ரெவ் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். கார்னெட் கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் ஏறி உட்கார்ந்து, முற்றத்தைச் சுற்றி, படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஹார்ன் அடித்தான். குதித்திறங்கி ஜன்னலண்டை ஓடினான்.

டல்சி தலையணையை உயர்த்தி வெர்னாவை நிமிர்த்திப் பிடித்தாள். மருந்து மயக்கத்தில் அவள் கண் எங்கோ போய்வந்தது.

"யார் வண்டி அது?" என்றாள்.

"உன்னோடதுதான். கார்னெட் ஓட்டிட்டு வந்திருக்கான், பாரு."

வெர்னா ஜன்னலில் நின்றவனை, வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பது மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். "கார்னெட் ஷெட்ல இருப்பான். கூப்பிடாதீங்க, வேலையா இருப்பான்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் ஷெட் பக்கம் போகவில்லை. பதினோரு நாள் கட்டிலோரத்து நாற்காலியை விட்டு நகரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினான், வேலி கட்டிய அந்த மூன்று நாளைப் பற்றிக்கூடப் பேசினான். அவள் ஒரு தரம்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

ஊர் கொள்ளாத கூட்டம். நாரடினில் முதல் முதலாக ஒரு பெண் லாரியில் போகிறாள். நீலத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கார்னெட்டின் தோளைத் தட்டினார்கள். "என்னமா பண்ணியிருக்க!" என்றார்கள். "வெர்னா கொடுத்துவைச்சவ" என்றார்கள். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறினான். டல்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி பின்னால் இருந்தது. வண்டி கோதுமைக் கிடங்கைத் தாண்டியது.

"சிவப்பை எடுக்கச் சொன்னா" என்றான் கார்னெட்.

"தெரியும். நீ நீலத்தை இழுத்துட்டுப் போன அன்னைக்கே எனக்கு போன் பண்ணி அழுதா."

"சிரிச்சாளே!"

"உன் முன்னாடி சிரிச்சா. 'டல்சி, நான் சாகறவரைக்கும் இவன் அந்த ஷெட்டை விட்டு வரமாட்டான், எனக்குப் பயமா இருக்கு, நீ வந்து என்கூட இரு'ன்னா. அதுக்குத்தான் நான் வந்தேன்."

கார்னெட் சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவ விடல. 'அவனுக்கு அழத் தெரியாது. அந்த வண்டியையும் பிடுங்கிட்டா என்னதான் பண்ணுவான் பாவம், இருக்கட்டும் விடு'ன்னுட்டா. நான் கேட்டிருக்கக் கூடாது. உன்னைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும்."

என்ஜின் ஒரு இடத்தில்கூடத் திணறாமல் ஓடியது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டி தூக்க ஆறு பேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். கார்னெட் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருகினான். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. ட்ரெவ் வந்து கதவைத் திறந்தான்.

"இறங்குடா. பெட்டியை எடுக்கணும்."

கார்னெட்டின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "கொஞ்சம் இரு ட்ரெவ். இன்னும் கொஞ்ச நேரம் நான் அவகூட உக்காந்துக்கறேன்" என்றான்.

ட்ரெவ் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, அந்த ஆறு பேரையும் நிழலுக்கு அழைத்துப் போனான்.