இருபத்தெட்டு டிகிரிக் காய்ச்சல்

பகல் ஒன்று நாற்பதுக்கு என் மனைவியின் செல்போனில் ஒரு படம் வந்தது. முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைத் தயிர் டப்பா. அதில் விளிம்பு வரைக்கும் கறுப்பு மண். மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை. டப்பாவுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி, அதற்கு வெளியே நின்ற காரின் கூரைமேல் பனி. படத்துக்குக் கீழே மகள் எழுதியிருந்தாள்: "மிளகா போட்டிருக்கேன்."

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகள் பிரான்சின் வடக்கே ஒரு ஊரில் இருக்கிறாள். கல்யாணமாகி நான்கு வருடம். கார்த்திகையில் அவளுக்குக் கரு கலைந்தது, நான்காம் மாதம். பிரசவத்துக்குப் போவதற்காக என் மனைவி பாஸ்போர்ட்டுக்கு அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தச் செய்தியை மருமகன்தான் சொன்னார். அதன் பிறகு மகள் தன் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் "நல்லாருக்கேம்மா" என்பாள், உடனே போன் மருமகன் கைக்குப் போய்விடும். ஏழு வாரத்தில் அவளாக அனுப்பியது இந்தத் தயிர் டப்பாவின் படம் மட்டும்தான்.

மனைவி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மண்ணு சொதசொதன்னு இருக்கு. அழுகிடும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இது முளைக்கணுங்க" என்றாள். "வேற எது எப்படிப் போனாலும் இது முளைக்கணும்."

விதை எங்கள் வீட்டு விதைதான். காரைக்காலில் எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் என் மனைவி மிளகாய் வளர்க்கிறாள். பழுத்ததைக் காயவைத்து, போன முறை வந்தபோது மகளுக்கு ஒரு டின்னில் போட்டுக் கொடுத்திருந்தாள். டின் காலியானபோது அடியில் ஒன்பது விதை கிடந்ததாம். அதைத்தான் போட்டிருக்கிறாள்.

மனைவி திருநள்ளாறு பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். இந்த ஊரில் மிளகாயை முளைக்கவைக்க யாரும் சிரமப்பட்டதில்லை. வற்றலை உதறிய இடத்தில் ஒரு மழை பெய்தால் நான்கு செடி நிற்கும். சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான்: வெயிலிலிருந்து காப்பாற்றுவது, இலைச் சுருட்டையிலிருந்து காப்பாற்றுவது. சித்திரையில் வாளிகளுக்கு மேலே பழைய சேலையைக் கட்டி நிழல் போடுவாள். ஒரு செடிக்குச் சூடு கொடுக்கவேண்டி வரும் என்பது அவள் அனுபவத்திலேயே இல்லை.

அன்று மாலை அவள் கூப்பிட்டாள். மகள் எடுத்தாள்.

"எத்தன வேள தண்ணி ஊத்துற?"

"மூணு வேளம்மா."

"செடிக்கா, மாட்டுக்கா?"

போன் கை மாறியது. "சொல்லுங்க அத்தை" என்றார் மருமகன்.

மருமகனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் காரைக்காலிலிருந்து அங்கே போய்விட்டது. இவர் அங்கேயே பிறந்தவர். தமிழ் பேசுவார். வீட்டுக்குள் கேட்ட தமிழ். சாப்பாடு, உடம்பு, உறவு, கோபம் எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. வயல் அதில் கிடையாது.

"மாப்ள, தண்ணிய நிறுத்துங்க. மண்ணுக்குக் கொஞ்சம் காய்ச்சல் குடுங்க. ரெண்டு மூணு நாளு நல்லா காய்ச்சல்ல கெடக்கட்டும்."

"காய்ச்சலா?"

"ஆமா, காய்ச்சல்தான். அது இல்லாம வெத எந்திரிக்காது."

"சரிங்க அத்தை" என்றார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது எனக்குக் கேட்டது. மாமியாரிடம் திருப்பிக் கேட்கவேண்டாம் என்று நினைத்திருப்பார்.

தண்ணீரை நிறுத்தி மண்ணை உலரவிடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்பார்கள். நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது இங்கே எல்லா உழவரும் சொல்வது. பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் வேளாண்மைப் பக்கத்தில் அந்தத் தொடரை நான் பலமுறை திருத்தாமல் விட்டிருக்கிறேன். வாசிப்பவர் யாராவது அதை வேறு மாதிரி புரிந்துகொள்வார் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் மருமகன் கூப்பிட்டார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, காய்ச்சல் வந்துடுச்சு."

"யாருக்கு?" மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"நேத்து இருபத்தஞ்சு. இன்னிக்குக் காலைல இருபத்தெட்டு."

"என்னது இருபத்தெட்டு? அவளுக்கா? டாக்டர்ட்ட காமிச்சீங்களா?"

"இல்ல அத்தை, மிளகாய்க்கு. நீங்கதான் குடுக்கச் சொன்னீங்க."

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். அந்த வீட்டில் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒரு ஹீட்டர் இருக்கிறது, வெந்நீர் ஓடும் இரும்புப் பட்டைகள். அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகைமேல் தயிர் டப்பாவை வைத்து, டப்பாவைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறார். சமையலுக்கு வைத்திருக்கும் வெப்பமானியை மண்ணில் குத்தி காலையும் மாலையும் குறித்துக்கொண்டிருக்கிறார். மனுஷனுக்கு முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் மிளகாய்க்கு எவ்வளவு என்று தெரியாததால் இருபத்தெட்டோடு நிறுத்தியதாகச் சொன்னார்.

அப்போது போனுக்குப் பின்னால் மகள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். பிறகு அவளே போனை வாங்கினாள்.

"அப்பா, கேட்டீங்களா? இவரு மிளகாய்க்கு ஜுரம் வர வச்சிருக்காரு. போத்தி வேற விட்டிருக்காரு."

"கஞ்சி குடுத்தாரான்னு கேளு" என்றேன்.

"அம்மா சொல்லட்டும், குடுப்பாரு."

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அத மொதல்ல எறக்கி வையிடி. வெந்துடப் போவுது. வெத நெருப்பு மேலயா வைப்பாங்க?"

"இருக்கட்டும்மா. இங்க வெளியில மைனஸ் ரெண்டு. ஜன்னல்கிட்ட வச்சா என் கையே விறைச்சுப் போவுது. இவரு பண்ணதுதான் சரியோ என்னவோ."

மகள் டப்பாவை இறக்கவில்லை. மனைவி அன்றும் மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். விதை வெந்திருக்கும், பெண் ஆசைப்பட்டுப் போட்டது வீணாகிவிட்டது, அதற்குத் தன் வாய்தான் காரணம் என்று. தண்ணீரை நிறுத்தச் சொன்னதோடு விட்டிருக்கலாமே என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். மாடியில் தன் செடிகளுக்கு நீர் ஊற்றும்போதும் முகம் தெளியவில்லை.

பதிமூன்றாம் நாள் வந்த படத்தில் மூன்று முளைகள் இருந்தன. கொக்கிபோல வளைந்து, ஒன்றின் தலையில் விதைத்தோல் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மாத முடிவுக்குள் ஐந்தாயிற்று. மனைவி அந்தப் படத்தை மேல்வீட்டுப் பெண்ணிடம் காட்டிவிட்டு வந்தாள். அன்று மருமகனிடம் பேசும்போது, "ஒங்க வைத்தியம்தான் மாப்ள பலிச்சுது" என்றாள். அவர், "தேங்க்ஸ் அத்தை. காய்ச்சல எப்ப நிறுத்தணும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை அழைப்பு வரும். பேச்சு முழுவதும் செடிதான். நாற்று ஜன்னல் பக்கமாகவே சாய்கிறது என்று மகள் சொன்னாள். தினமும் டப்பாவைத் திருப்பி வைக்கச் சொன்னாள் மனைவி. இலை வெளுக்கிறது என்றாள்; வெளிச்சம் போதவில்லை என்று இவள். வைகாசி வரைக்கும் அங்கே ராத்திரிக் குளிர் விடாது என்பதை மனைவியால் நம்பவே முடியவில்லை. நாங்கள் இங்கே புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்போம். மகள் சுவெட்டர் போட்டுக்கொண்டு செடியைப் பகலில் பால்கனிக்குக் கொண்டுபோவதும் சாயங்காலம் உள்ளே எடுத்து வருவதுமாக இருப்பாள்.

வைகாசிக் கடைசியில் மொட்டு விட்டது. மழை என்று உள்ளேயே வைத்திருந்த செடிக்குக் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. "பூவ வெரலால சுண்டி விடு, லேசா" என்றாள் மனைவி. மகள் கேமராவைப் பிடித்துக்கொண்டு சுண்டிக் காட்டினாள்.

மனைவி சில சொற்களைத் தவிர்ப்பதை நான் கவனித்தேன். பிஞ்சு என்று சொல்லமாட்டாள், காய் என்பாள். பூ கொட்டுது என்பது இங்கே மிளகாய் போடுகிற எல்லோரும் சொல்வது. எங்கள் மாடியில் பூ கொட்டினால் என்னிடம் சொல்வாள், போனில் வாயைத் திறக்கமாட்டாள். அங்கே கொட்டிவிடக் கூடாதே என்று மட்டும் தினமும் படத்தைப் பெரிதாக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காரைக்கால்மேட்டில் படகுகள் இறங்கியிருந்தன. காலையில் போய்க் கிழங்கா மீன் வாங்கி வந்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு மனைவி குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். மனைவியின் கையில் புளி இருந்ததால் நான் போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தேன்.

"பூவெல்லாம் கொட்டிடுச்சும்மா" என்றாள் மகள். "ஏழு பூ. ராத்திரி வெளியிலேயே வச்சு மறந்துட்டேன்."

மனைவி கையைக் கழுவினாள். "குளிரு தாங்காம கொட்டியிருக்கும். செடி நல்லாத்தான இருக்கு?"

"செடி நல்லாருக்கு."

"அப்ப மறுபடி வைக்கும். மொதப் பூவு அப்படித்தான்."

மகள் போனைக் கொஞ்சம் நகர்த்தினாள். திரையில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"உள்ள எடுத்து வைக்க மறந்துட்ட. அதுக்கு என்ன இப்ப?"

"செடியக் கேக்கல."

மனைவி அடுப்பை அணைத்தாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி" என்றாள். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எனக்கு வேல ஒண்ணும் இல்ல."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அன்று நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது மணி மூன்றரை.